மூன்று சபைகளும் ஒரு பீலித் தண்ணீரும்

டிரக்டரை மறித்த காலை

அன்று காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டிய தேயிலைத் தோட்டத்துச் சனம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. கொழுந்துக் கூடைகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. நடுவில் மேல் சபையின் குப்பை டிரக்டர் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது. அதன் டிரைவர் சீட்டை விட்டு இறங்காமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வெற்றிலை கொடுத்தது மறித்தவர்கள்தான். எங்கள் பக்கத்துப் போராட்டம் இப்படித்தான் இருக்கும். ஆளின் மேல் கோபம் வராது, வண்டியின் மேல்தான் வரும்.

நான் அப்போது கீழ் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஊரில் எல்லாருக்கும் டி.ஓ. எந்தச் சபை என்று பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பஸ் ஏறி எந்தப் பக்கம் போனாலும், எங்கே இறங்கினாலும், இப்படி ஒரு எல்லை இருக்கும். மலையில் மேலே இருந்ததை மேல் சபை என்றும் எங்களுடையதைக் கீழ் சபை என்றும் சொல்லிக்கொள்கிறேன். இரண்டும் பிரதேச சபைகள்தான், இரண்டுக்கும் தலைவராக ஒரு தவிசாளர் உண்டு, இரண்டுக்கும் வீறாப்பும் உண்டு.

சனம் மறித்த காரணம் இதுதான். இரண்டு சபைகளின் எல்லையில், எங்கள் பக்கம், தோட்டத்தின் கடைசி டிவிஷன் இருக்கிறது. அங்கே பிள்ளைக் காம்பரா ஒன்று உண்டு. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அதற்குத் தண்ணீர், மேல் சபை குப்பை கொட்டும் பக்கமாக இறங்கும் ஓடையில் இருந்து, குழாய் வந்து ஊற்றும் பீலி வழியாக வரும். குழந்தைகள் ஒன்றன் பின் ஒன்றாகச் செங்கமாரியில், மஞ்சள் காமாலையில், படுத்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, தண்ணீர் சரியாகும் வரை காம்பராவைத் திறக்கக் கூடாது என்று பூட்டிவிட்டார். காம்பரா பூட்டினால் குழந்தை உள்ள பெண் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடைக்காது. வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பேரில்தான்.

காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் செல்வமணிதான் கூட்டத்தின் முன்னால் நின்றார். நான் ஜீப்பில் இருந்து இறங்கியதும் வழக்கம்போல, "இது சம்பந்தமா நடவடிக்கை எடுத்துக்கிட்டு இருக்கோம்" என்று ஆரம்பித்தேன்.

"டி.ஓ. ஐயா, காம்பராவ எப்ப தொறப்பீங்க, அத மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் ஆபீஸ்ல பேசிக்குங்க" என்றார்.

டிரக்டரை விடச் சொல்லிக் கெஞ்சி, டிரைவரை அனுப்பிவிட்டு, ஜீப்பில் ஏறினேன். சரியான அவமானம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

எங்கள் தவிசாளரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். இப்போது டவுனில் ஹார்ட்வெயார் கடை. நல்ல மனிதர், தொண்டைதான் பெரிது. விஷயத்தைச் சொன்னதும் மேல் சபைத் தவிசாளருக்குப் போன் போட்டார். போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"உங்க டவுன் பளபளன்னு இருக்கணும்னா எங்க புள்ளைங்க மஞ்சளா போகணுமா?"

அந்தப் பக்கத்தில் இருந்து வந்த பதில் எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது. "எங்க எல்லைக்குள்ளதானே நாங்க கொட்டுறோம்! உங்க காணியில ஒரு தாள் விழுந்திருந்தா காட்டுங்க பார்ப்போம்!"

சட்டப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சலைக் கூட்டியது. மேலே அவர்களுடைய டவுனுக்குச் சித்திரை மாதத்தில் வெளியூர்ச் சனம் நிறைய வரும். டவுனைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று, நடுவில் கிடந்த குப்பை மேட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். வெளியே என்றால் அவர்களுடைய எல்லையின் கடைசி வளைவு. அதற்காக நல்ல பெயரும் வாங்கினார்கள். அதே காலத்தில் எங்கள் சபை அந்த டிவிஷனுக்குப் புதுக் குழாய் போட்டு, பீலியைத் திருத்தி, ரிப்பன் வெட்டியது. நாங்களும் நல்ல பெயர் வாங்கினோம். அவர்கள் குப்பை கொட்டிய சரிவின் அடியில்தான் எங்கள் குழாயின் தலை இருந்தது. இரண்டு வேலைகளும் தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலைகள்.

அன்று என் மேசையில் விரித்திருந்த சபை வரைபடத்தைப் பார்த்தேன். எல்லைக் கோடு வரைக்கும் பாதை, வடிகான், மதகு, லயம் எல்லாம் இருந்தன. கோட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளைக் காகிதம். மேல் சபைக்காரருடைய மேசையில் இருப்பதும் அப்படித்தான் இருக்கும். அவர்களுடைய வெள்ளைக் காகிதத்தில் செல்வமணியின் பிள்ளைக் காம்பரா இருந்தது.

பிளானிங் மிஸ்

மாகாணத்துத் திட்டமிடல் பிரிவில் இருந்து ஒரு பெண் வருகிறார் என்றார்கள். எனக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. பிளானிங் என்றால் கலர் பென்சில் வேலை என்பது எங்கள் வகையறாவின் எண்ணம். நாங்கள் சேற்றில் நிற்போம், அவர்கள் ஏசி அறையில் பச்சை, மஞ்சள் அடிப்பார்கள் என்று கிண்டல் செய்வோம்.

வந்தவர் நிலூஷா. கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார், கையில் ஒரு சவர்க்காரக் கட்டி. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் தேய்க்க. அதைப் பார்த்ததும் கலர் பென்சில் எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. தமிழ் பேசினார். தடுக்கித் தடுக்கித்தான் வரும், ஆனால் வெட்கப்படாமல் பேசுவார்.

"சேர், முதல் நாங்க நடப்போம். அதுக்குப் பிறகு கதைப்போம்" என்றார்.

மேல் சபைச் செயலாளரையும் வரச் சொல்லியிருந்தார். அவர் பாலிஷ் போட்ட சப்பாத்தோடு வந்து, நூறு அடி போவதற்குள் ஒன்றை ஓடையில் விட்டுவிட்டார். யார் எல்லை, எந்தச் சபை என்று மிஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடை எங்கே தொடங்குகிறதோ அங்கேயிருந்து அது போகிற வழியில் நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று பேச்சுவார்த்தை கிடையாது.

கடைசி வளைவுக்கு வந்தோம். அங்கே இரண்டு போர்டுகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று மேல் சபையின் 'நன்றி, மீண்டும் வருக'. மற்றது எங்களுடைய 'உங்களை வரவேற்கிறோம்'. முதல் போர்டின் காலடியில் இருந்து சரிவு முழுக்க மரக்கறிக் கழிவும் பிளாஸ்டிக்கும். மழை பெய்தால் எல்லாம் ஓடையில். நான் செயலாளரைப் பார்த்த பார்வையில் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மிஸ் நிற்கவில்லை. பீலியைத் தாண்டினார், காம்பராவைத் தாண்டினார். எங்கள் டவுனையும் தாண்டினார்.

"மிஸ், பிரச்சின இங்கதானே?" என்றேன்.

"ஓடை இன்னும் முடியல்லதானே சேர்" என்றார்.

டவுனுக்குக் கீழே, எங்கள் சபையின் அடுத்த எல்லையில், எங்கள் டிரக்டர் நின்றது. எங்கள் டிரைவர் என்னைக் கண்டதும் சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு டிரெயிலரைக் கவிழ்த்தார். அதற்குக் கீழே மூன்றாவது சபை. லீக்ஸ் பாத்தி வைத்திருந்த ஒரு சிங்கள விவசாயி, பாத்தியில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளைப் பிடுங்கி உயர்த்திக் காட்டி எங்களைப் பார்த்துக் கத்தினார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது யார்ட குப்பை சேர்?"

அன்றைக்கு முதல் தடவையாக மேல் சபைச் செயலாளர் சிரித்தார். வாய்விட்டுத்தான் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது அவருக்கு என் பழைய செருப்பை ஜீப்பில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

சின்ன நாற்காலிகள்

கூட்டத்தை எங்கள் சபை மண்டபத்தில் வைக்கலாம் என்றார் எங்கள் தவிசாளர். மேல் சபைக்காரர் தங்களுடைய மண்டபம் பெரிது என்றார். மிஸ் இரண்டையும் ஏற்கவில்லை.

"யார்ட வீட்டில வச்சாலும் மத்த ஆள் விருந்தாளி. விருந்தாளி வாய் திறந்து கதைக்கிறது இல்லதானே" என்று சொல்லி, பூட்டிக் கிடந்த பிள்ளைக் காம்பராவைத் திறக்கச் சொன்னார்.

அங்கே இருந்தவை குழந்தைகள் உட்காரும் நாற்காலிகள். மூன்று தவிசாளர்களும் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சுவரில் யானை, குதிரைப் படங்களுக்குப் பக்கத்தில் மிஸ் ஒரு வரைபடத்தை மாட்டினார். அப்படி ஒரு வரைபடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மலைமுகட்டில் இருந்து அடிவாரம் வரை ஒரே நிலமாக இருந்தது. ஓடையைத் தடித்த நீலத்தில் போட்டிருந்தார். மூன்று சபைகளின் எல்லைகள் பென்சிலில் கீறிய மாதிரி மெல்லிதாக இருந்தன. என் மேசையில் இருந்த வெள்ளைக் காகிதம் அங்கே எங்கேயும் இல்லை.

யாரிடம் என்ன இல்லை என்று கேட்டுத்தான் எங்கள் கூட்டங்கள் தொடங்கும். அந்தப் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். அவர் யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். மேல் சபையிடம் நல்ல லொறியும் டிரக்டர்களும் இருந்தன, சமதரை இல்லை. மூன்றாவது சபையில் கூட்டுப்பசளை செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், வண்டி இல்லை. எங்களிடம் வண்டியும் ஆளும் குறைவு. ஆனால் முகட்டுக்கு அந்தப் பக்கம், ஓடையே இல்லாத இடத்தில், தோட்டம் கைவிட்டுக் காடாகிப்போன ஒரு தேயிலை மலை இருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை அதைத் தரச் சம்மதித்தும் இருந்தார். மூன்று ஊர்க் குப்பையையும் பிரித்து, பசளையாக்க அதுவே போதும்.

எல்லாரும் எங்கள் தவிசாளரைப் பார்த்தார்கள். அவர் அந்தச் சின்ன நாற்காலியில் இருந்து எழும்பிவிட்டார்.

"மத்த ஊர்க் குப்பையெல்லாம் எங்க தலையிலயா? இது நடக்காது மிஸ். நாளைக்கு ஓட்டுக் கேட்டுப் போனா செருப்பால அடிப்பாங்க."

"அப்ப நாங்களும் கொட்டுற எடத்துலயே கொட்டுறோம்" என்றார் மேல் சபைத் தவிசாளர். மூன்றாவது தவிசாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். ஃபைலைக்கூட மூடிவிட்டேன்.

எங்கள் தவிசாளருக்கே அது ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். கோபமாகப் போனதாக இருக்க வேண்டாமே என்று, வாசலருகே நின்ற செல்வமணியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, இவ்வளவு நேரம் கத்துறோம், ஒரு தேத்தண்ணி கூட இல்லியா?"

செல்வமணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அடுப்பு இருக்குண்ணே. தூள் இருக்கு, சீனி இருக்கு. தண்ணிதான் இல்ல. பீலியில வாறத காய்ச்சி ஊத்தி உங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல." எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க எல்லாரும். எங்க லயத்துக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புறது இதுதான் மொத தடவ."

வெளியூர்க்காரருக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். தோட்டத்தில் யார் வீட்டு வாசலில் கால் வைத்தாலும், வந்தவர் எதிரியாகவே இருந்தாலும், முதலில் தேத்தண்ணி வரும். சீனி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியாவது வரும். சாவு வீட்டில்கூட வரும். ஊருக்கெல்லாம் தேயிலை அனுப்பும் சனத்தின் வீட்டில் தேத்தண்ணி இல்லை என்று ஒரு பெண் மன்னிப்புக் கேட்டதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு உடம்பு கூசியது.

எங்கள் தவிசாளருடைய அம்மாவும் கொழுந்தெடுத்தவர்தான். திரும்பி வந்து அதே சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த மலை எங்க இருக்கு மிஸ்? படத்துல காட்டுங்க" என்றார்.

எல்லை தாண்டிய வண்டி

அதற்குப் பிறகு எல்லாம் சரளமாக நடந்தது என்று எழுதினால் பொய். காடாகிப்போன மலைக்குக் கிட்ட இருந்த லயத்துச் சனம் எதிர்த்தார்கள். எங்கள் தவிசாளர் அவர்களை பஸ்ஸில் ஏற்றி, மூன்றாவது சபையின் சிறிய பசளைக் கொட்டிலைக் காட்டக் கூட்டிப்போனார். மணக்கவில்லை என்று மூக்கை விரித்து விரித்து மோந்து பார்த்த பிறகுதான் சம்மதித்தார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுத்ததில்லை. அந்தச் சட்டம் அதற்கு முன்பே திருத்தப்பட்டிருந்தும், பழைய பழக்கத்தில் உத்தியோகத்தர்கள் பேனாவைத் தொடப் பயந்தார்கள். மிஸ் ஒவ்வொரு சபையிலும் போய் உட்கார்ந்து, திருத்தத்தைக் காட்டி, கையெழுத்து விழும் வரை எழும்பவில்லை. நீலப் பேனாவை அவரே நீட்டுவார். நான் பார்த்த உத்தியோகத்தர்களில் அவ்வளவு பொறுமை வேறு யாரிடமும் இல்லை.

மூன்று சபைகளுக்கும் ஒரு கூட்டுக் குழு வந்தது. தலைமை சுற்றிச் சுற்றி வரும். மேல் சபை வளைவில் இருந்த குப்பையை அள்ளி, மண் போட்டு மூடி, சரிவு இறங்காமல் மானாப் புல் நட்டார்கள். எங்கள் குழாயின் தலையை இன்னும் மேலே, ஊற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனோம். அந்த இடம் மேல் சபையின் எல்லைக்குள். எங்கள் தொட்டி அவர்களுடைய நிலத்தில் நிற்கிறது. முன்பென்றால் அதற்கு ஒரு கோர்ட் வழக்கே நடந்திருக்கும்.

ஒருநாள் அடைமழையில் மேல் சபை லொறி முழுக் குப்பையோடு வளைவில் நின்றுவிட்டது. பின்னால் வாகனங்கள் வரிசை. டிரைவர் வேறு யாருமில்லை, அன்றைக்கு வெற்றிலை மென்றவர்தான். பழைய சரிவு பக்கத்திலேயே இருந்தது. கவிழ்த்துவிட்டு வண்டியை இலகுவாக்கி ஓரம் கட்டியிருக்கலாம், மழையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் போனை எடுத்து எங்கள் டிரைவரைக் கூப்பிட்டார். "மச்சான், வண்டி நின்னுருச்சு. ஒங்க டிரெயிலர கொண்டுக்கிட்டு வா."

எங்கள் டிரக்டர் எல்லையைத் தாண்டி மேலே போனது. அனுமதி யாரும் கேட்கவில்லை, கடிதம் போகவில்லை. இருவரும் நனைந்துகொண்டே குப்பையை மாற்றி ஏற்றினார்கள். மறுநாள் மிஸ்ஸிடம் இதை ஒரு சின்ன விஷயமாகத்தான் சொன்னேன். கூட்டுக் குழு ஒப்பந்தத்தில் சபைகள் கையெழுத்துப் போட்ட அன்று அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இதைக் கேட்டதும் கைதட்டிச் சிரித்தார்.

"இப்ப நான் இல்லாட்டியும் நடக்கும் சேர்" என்றார்.

அப்படியே ஆனது. கொஞ்ச நாளில் அவரை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல ஆளை ஓர் இடத்தில் விட்டுவைத்தால் அரசாங்கத்துக்குத் தூக்கம் வராது.

முதல் கிளாஸ்

இப்போது சபைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். உங்கள் மேசையில் இருக்கும் வரைபடத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எல்லைக் கோட்டோடு முடிந்தால், பக்கத்துச் சபையின் படத்தைக் கேட்டு வாங்கி அதோடு ஒட்டுங்கள். பக்கத்துச் சபை டி.ஓ.வின் போன் நம்பரை வைத்திருங்கள். குழாய் போடும் முன் மேலே யார் இருக்கிறார் என்று பாருங்கள், குப்பை கொட்டும் முன் கீழே யார் இருக்கிறார் என்று பாருங்கள். இவ்வளவு காலம் சேற்றில் நின்றும் இதை நான் ரப்பர் பூட்ஸ் போட்டு வந்த ஒரு பிளானிங் மிஸ்ஸிடம்தான் கற்றுக்கொண்டேன். கலர் பென்சில் என்று இனி யாராவது கிண்டல் செய்தால் சண்டைக்கு வருவேன்.

தண்ணீரைப் பரிசோதித்து, காம்பராவைத் திறக்கலாம் என்று சுகாதாரப் பரிசோதகர் சொன்ன நாளில் விழா எதுவும் வைக்கவில்லை. தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டு, நேரமாகிவிட்டது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஏசுவார் என்று பெரட்டுக்கு ஓடினார்கள். எனக்கு அதுவே பெரிய விழாவாக இருந்தது. கேள்விப்பட்டு நிலூஷா மிஸ் எங்கிருந்தோ பஸ் மாறி மாறி வந்திருந்தார். வாசலில் நின்று குழந்தைகள் உள்ளே போவதைப் பார்த்தார்.

செல்வமணி பீலியில் பிடித்துக் காய்ச்சிய தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றி, முதல் கிளாஸை மிஸ்ஸின் கையில் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மேல் சபைத் தவிசாளரின் வாகனம் வந்து நின்றது. யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. உள்ளே வருவதா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்கி நின்றார்.

செல்வமணி இன்னொரு கிளாஸை நிரப்பிக்கொண்டு அவரிடம் போனார்.

"குடிங்க ஐயா. உங்க மலைத் தண்ணிதான்."